நாலாம் நாளுக்கு முன் அழித்த சுவர்

தூத்துக்குடியில் இறங்கியதும் முதலில் காணாமல் போனது என் பெட்டி. அடுத்தது செல்லத்துரை. பெட்டி சென்னையிலேயே தங்கிவிட்டது என்று ஒரு பெண் கணினியைப் பார்த்தபடி சொன்னாள். செல்லத்துரை எங்கே தங்கிவிட்டான் என்று சொல்ல யாருமில்லை. நான் மகளோடு வசிக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஜூன் மாதம் குளிர்காலம். அந்தக் கம்பளிக் கால்சட்டையோடும் தடித்த மேல்சட்டையோடும் இங்கத்திய ஆனி வெயிலில், விமான நிலைய வாசலில், முக்கால் மணி நேரம் நின்றேன். எழுபத்தாறு வயதில் மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு இந்த வரவேற்பு போதும் என்று இப்போது எழுத முடிகிறது. அப்போது வாயில் வந்ததை எழுத முடியாது.

கடைசியில் வந்தான், ஒரு மொபெட்டில்.

"வழியில ஒரு துட்டி வீடு சார்வாள். செத்த வீட்டுல முகத்தைக் காட்டாமப் போனா நல்லாருக்காது. பெட்டி எங்க?"

"வரவில்லை."

"நல்லதாப் போச்சு. வண்டியில வைக்க எடமில்ல பாத்துக்கிடுங்க."

பின்னால் உட்கார்ந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். வழியெல்லாம் லாரிகள். ஒவ்வொன்றும் எங்களை ஒரு முழ தூரத்தில் உரசிப் போனது. பெர்த்தில் லாரி தன் தடத்தில் போகும், மனிதன் தன் தடத்தில் போவான். இங்கே தடம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. போகிற இடமெல்லாம் தடம்.

நான் யார், இந்தச் செல்லத்துரை யார் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் இதே ஜில்லாவில் இருக்கும் நாசரேத். பிலாயில் ஏழு வருஷம், பிறகு ஜாம்பியாவில் பல வருஷம், இயற்பியல் ஆசிரியராக வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் தூத்துக்குடியை ஒட்டிய முத்தையாபுரத்தில் வரிசையாக நான்கு சின்ன வீடுகள் கட்டிப் போட்டேன். அவற்றைப் பார்த்துக்கொள்வது செல்லத்துரை. மூன்றாம் வீட்டில் பத்து வருஷமாகப் பீகார் மதுபனிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் வேலை செய்யும் ராம்சேவக், அவர் அக்கா ராம்பரி, ராம்சேவக்கின் மகள் பிங்கி. தாய் இல்லாத பெண். வளர்த்தது அத்தை ராம்பரிதான்.

போன வருஷம் வைகாசியில் பிங்கிக்கு அந்த வீட்டிலேயே கல்யாணம். அவர்கள் ஊர் வழக்கத்தில் மணமக்கள் பெண் வீட்டில் நான்கு நாள் தங்க வேண்டும். தங்குகிற அறையின் சுவரில் பெண்கள் கோஹ்பர் என்று ஒரு படம் எழுதுவார்கள். நாலாம் நாள் சடங்கு முடியும் வரை அது அந்த இருவருக்கும் காவல். ராம்பரி எழுதியிருந்தாள். செல்லத்துரை அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "நாலு நாள்ல நாங்களே வெள்ளையடிச்சிக் குடுத்துருதோம்னு சொல்லுதாவ சார்வாள்" என்று போனில் சொன்னான்.

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "நாலு நாள் எல்லாம் முடியாது. இன்றைக்கே அடித்துவிடு."

பெர்த்தில் வாடகை வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். அதைத்தான் எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. படத்தின் மூலைகளில் முக்காடு போட்ட பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு கண்தான் தெரிந்தது, முகத்தில் பாதி அளவுக்குப் பெரிய கண். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அது என்னையே பார்த்தது. நடுவே பாம்புகள் வேறு. செய்வினை என்ற சொல் மனசில் வந்தது. பேய் பிசாசை நம்பாத குடும்பத்தில் பிறந்து, ஒளி எப்படி வளைகிறது என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்தவன், ஒரு படத்தின் கண்ணுக்குப் பயந்தேன். என் சுவரில் அது இன்னும் ஒரு நாள் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

வீட்டில் ஆள் இருக்கும்போது அடிக்கச் செல்லத்துரைக்குத் துணிவில்லை. கல்யாணத்தின் மூன்றாம் நாள் காலை, சடங்குக் குளியலுக்காக எல்லோரும் ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஆற்றுக்குப் போனார்கள். அவர்கள் ஊரில் அதற்குக் குளம் உண்டு. முத்தையாபுரத்தில் குளம் ஏது? திரும்பி வந்து கதவைத் திறந்தபோது சுவர் வெள்ளையாக இருந்தது. செல்லத்துரையிடம் மறுசாவி இருந்தது.

இதோடு போயிருந்தால் மடத்தனம் என்று விட்டிருக்கலாம். இரண்டு வாரம் கழித்து மாப்பிள்ளையின் தகப்பனார் பிந்தேஷ்வர் எனக்குப் போன் செய்தார். ஆறுமுகநேரியில் கட்டட வேலை மேற்பார்வை செய்பவர். மிக மரியாதையாக இந்தியில் கேட்டார்: "மாஸ்டர்ஜி, அந்தச் சுவரை அழிக்கச் சொன்னது நீங்களா?" இரவுச் சாப்பாட்டு நேரம். மேஜைக்கு எதிரே என் மகள். ஆமாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் அந்தக் கண்ணைச் சொல்ல வேண்டும். "இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது" என்றேன். லைன் அவ்வளவு தெளிவாக இருந்தது, அவர் பெருமூச்சு விட்டதுகூடக் கேட்டது. செல்லத்துரைக்கும் சொல்லி வைத்தேன். அவனும் தெரியாது என்றுவிட்டான்.

பத்து மாதம் கழித்துப் பிங்கி ஒரு குரல் செய்தி அனுப்பினாள். "தாத்தா, நீங்க அழிக்கச் சொல்லலைன்னா யாரு அழிச்சா? என்னைய இன்னும் அவுக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகல. அத்தை சரியாச் சாப்பிட மாட்டேங்கா." அவ்வளவுதான். அதைக் கேட்டபின் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். சாப்பிட்டேன். தூக்கம்தான் போயிற்று.

முதல் நாள் மாலை செல்லத்துரை என்னைப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனான். எண்ணெயில் பொரித்த பரோட்டா, மேலே சால்னா. நான்கு தின்றேன். என் மருத்துவர் பார்த்திருந்தால் அழுதிருப்பார். கை கழுவும்போது செல்லத்துரை மெல்ல ஆரம்பித்தான்.

"சார்வாள், இதையெல்லாம் எதுக்கு இப்பப் போயிக் கிண்டுதிய? அது ஆறின புண்ணு."

"யாருக்கு ஆறியது?"

"நமக்குத்தான்" என்றான்.

மறுநாள் முத்தையாபுரம் போனேன். இடையில் ஒரு வேட்டியும் இரண்டு சட்டையும் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் எனக்கு இடம் கொடுத்த மனிதர் இறங்கும் வரை என் மடியில் ஒரு சாக்கு மூட்டையை வைத்திருந்தார். என்ன என்று கேட்டேன். சங்கு என்றார். வங்காளத்துக்குப் போகிறதாம், அங்கே கல்யாணமான பெண்களுக்கு வளையல் அறுக்க. மூட்டை கடல் நாற்றம் நாறியது. புது வேட்டியும் நாறியது.

மூன்றாம் வீட்டு வாசலில் பிங்கி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பத்து வயதில் இந்த ஊருக்கு வந்தவள். தமிழில் என்னைவிட அவளுக்குத்தான் தூத்துக்குடி அதிகம்.

"வாங்க தாத்தா. இப்பவாவது வழி தெரிஞ்சுதே. உள்ள வாங்க, சுவரு நல்லா வெள்ளையாத்தான் இருக்கு, பயப்படாண்டாம்."

உள்ளே போனேன். ராம்பரி தலையில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். வகிட்டில் செந்தூரம். நாற்காலி போட்டார்கள். உட்காராமல் நின்றபடியே, பிலாயில் கற்ற இந்தியைத் தட்டித் தடவி, சொல்ல வந்ததைச் சொன்னேன். நான்தான் அழிக்கச் சொன்னேன். பிறகு இல்லை என்று பொய் சொன்னேன்.

ராம்பரி முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"தெரியும்" என்றாள். "நாங்கள் அழிக்கவில்லை. பிறகு வேறு யார்? எங்களுக்குத் தெரிந்து என்ன செய்ய? அவர்கள் உங்கள் போனைத்தான் நம்பினார்கள். படித்த மாஸ்டர், வயதானவர், கடல் தாண்டி இருக்கிறவர், அவர் ஏன் பொய் சொல்லப் போகிறார் என்றார்கள்."

அப்போதுதான் விஷயத்தின் முழு அளவு எனக்குத் தெரிந்தது. கோஹ்பரில் முதல் செந்தூரப் பொட்டைப் புருஷன் உயிரோடு இருக்கிற பெண்தான் வைக்க வேண்டும். வைத்தவள் ராம்பரி. அவள் புருஷன் சூரத்துக்கு வேலைக்குப் போனவர். மூன்று வருஷமாகப் போனும் இல்லை, ஆளும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு யாரும் அதைப் பேசவில்லை. சுவர் வெள்ளையாகிச் சடங்கு பாதியில் நின்றதும் பேசினார்கள். எழுதிய கோஹ்பரைப் பெண் வீட்டாரே எதற்கு அழிப்பார்கள்? வைத்த கை சரியில்லை என்று இடையில் தெரிந்திருக்க வேண்டும். சூரத்திலிருந்து சாவுச் செய்தி வந்திருக்க வேண்டும். அதனால்தான் ஆற்றுக்குப் போகிற சாக்கில் ஆள் வைத்து அழித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாயார் பீகாரில் ஊரிலிருந்தபடியே அப்படித்தான் முடிவு கட்டினாளாம். வீட்டுக்காரர் அழிக்கச் சொல்லவில்லை என்றால் வேறு என்ன அர்த்தம் என்று கேட்டாளாம். கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. பிழையான விடையைக் கொடுத்தவன் நான்.

"மாப்பிள்ளை என்ன சொல்கிறார்?" என்று பிங்கியிடம் கேட்டேன்.

"தெனமும் போன் பேசுதாரு. அம்மா சொல்லாமக் கூட்டிட்டுப் போக மாட்டாராம். அம்மா புள்ள." உதட்டைப் பிதுக்கினாள். "இந்தா இருக்கு ஆறுமுகநேரி. பஸ்ஸுல ஒரு மணி நேரம். எனக்கு என்னமோ அமெரிக்கா மாதிரி ஆகிப்போச்சு."

மத்தியானம் மீன் குழம்பு போட்டார்கள். கடுகை அரைத்து ஊற்றிய குழம்பு. முதல் வாயிலேயே மூக்கு வழியாகப் புகை போவதுபோல் இருந்தது. விளைமீனை இப்படிக் கெடுக்கலாமா என்று நினைத்தேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்ட பிறகு ராம்பரி வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, அங்கே இருந்தவற்றை விரலால் காட்டினாள். இங்கே நடுவில் மூங்கில், அது மாப்பிள்ளை வம்சம். சுற்றிலும் தாமரை இலைகள், அது பெண் வம்சம். இங்கே சிவனும் கௌரியும். மீன், ஆமை, கிளிகள், இரட்டைப் பாம்பு, சூரியன், சந்திரன். ஜனக ராஜா சீதைக்குக் கல்யாணம் வைத்தபோது மிதிலை முழுவதும் வீட்டுக்கு வீடு சுவரில் எழுதச் சொன்னாராம். அன்றிலிருந்து எழுதுகிறார்களாம்.

"உங்களுக்கு ராமர் சாமி. எங்களுக்கு மாப்பிள்ளை" என்றாள். "கல்யாணப் பாட்டில் அவரையும் அவர் வீட்டாரையும் நன்றாகத் திட்டுவோம். கோபப்பட மாட்டார். ஆனால் எங்கள் பெண் அங்கே போய்ப் பட்ட பாட்டை நாங்கள் மறக்கவில்லை. அவர்கள் கல்யாணம் நடந்த திதியில் எங்கள் ஊரில் பெண் கொடுக்க மாட்டோம். ராமர் ஊரில் எவனோ ஒருவன் சொன்ன ஒரு பேச்சு. அவனும் எதையும் கண்ணால் பார்த்தவன் இல்லை."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மூலைகளில் இருந்த ஒற்றைக்கண் பெண்களைப் பற்றி நானே கேட்டேன். நைனா ஜோகின் என்றாள். கிழக்கே காமாக்யா தேவி கோயில் இருக்கும் திசையிலிருந்து வந்த மந்திரக்காரிகளாம். மணமக்கள் மேல் யார் கண்ணும் படாமல் இருக்க நான்கு மூலையிலும் நிற்கிறார்கள். ஒரு கண்ணை முக்காட்டால் மறைத்துக்கொண்டு மற்றதால் வெளியே பார்த்தபடி.

"அதாவது, கெட்ட எண்ணத்தோட பாக்கவனத்தான் அது மொறைக்கும்" என்று பிங்கி எனக்குத் தமிழில் விளக்கினாள். எனக்கு ஏற்கெனவே விளங்கிவிட்டது.

நான் வந்த மூன்றாம் நாள் ஆறுமுகநேரிக்குக் கிளம்பினோம். ராம்சேவக்குக்குக் கிட்டங்கியில் விடுப்பு இல்லை. நான், ராம்பரி, செல்லத்துரை. பிங்கி வரக் கூடாதாம். அழைக்காமல் மருமகள் போகக் கூடாது. பஸ்ஸில் திருச்செந்தூர் முருகனுக்குப் போகிற கூட்டம். பச்சை வேட்டி, மொட்டைத் தலை, சந்தனம். என் தோளில் ஒரு மொட்டைக் குழந்தையைத் தூங்க வைத்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ராம்பரிக்குத் தலை சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டே, எந்த சாமிக்கு இவ்வளவு பேர் என்று கேட்டாள். முருகன், வள்ளி, தெய்வானை என்று சொன்னேன்.

"வள்ளி வீட்டார் மாப்பிள்ளையைத் திட்டிப் பாடுவார்களா?"

தெரியாது என்றேன். இவ்வளவு படித்து என்ன என்பதுபோல் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

ஆறுமுகநேரி வந்தது. பஸ் நிற்கவில்லை.

"இது நேரா திருச்செந்தூர் அண்ணாச்சி" என்றார் நடத்துநர்.

"ஏறும்போதே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டியளா?"

உப்பளங்கள் பின்னால் போயின. வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் குத்தின. திருச்செந்தூரில் இறங்கி, திரும்பி வர இடம் கிடைப்பதற்குள் மூன்று பஸ்களை விட்டோம். ராம்பரி காலையிலிருந்து பொரி தவிர எதையும் தொடவில்லை. நான் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டே நடத்துநரைத் திட்டினேன், செல்லத்துரையைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன். ஒரு மனிதன் உண்மை சொல்ல வருகிறான், அதற்கு ஊர் இவ்வளவு முட்டுக்கட்டை போடலாமா? பொய் சொன்ன அன்று எல்லாம் எவ்வளவு வசதியாக இருந்தது. நாற்காலி, மின்விசிறி, தெளிவான லைன், சூடான சாப்பாடு.

ஒருவழியாக ஆறுமுகநேரியில் இறங்கினால், பிந்தேஷ்வர் காயல்பட்டினத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். நாளை வாருங்கள் என்றார்கள்.

நாலாம் நாள் போனோம். இந்த முறை ஏறுவதற்கு முன் நடத்துநரிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்றாம் தடவைக்கு அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

பிந்தேஷ்வர் இருந்தது தகரக் கூரை போட்ட தொழிலாளர் குடியிருப்பு. மத்தியானச் சாப்பாட்டு நேரம். மாப்பிள்ளை காயல்பட்டினத்து வேலைக்குப் போயிருந்தான். இருபது முப்பது பேர் தட்டோடு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுந்து வந்து, என் பெயரைக் கேட்டதும் கை குவித்தார். கட்டில் இழுத்துப் போட்டார். டீ வந்தது. ராம்பரி உள்ளே வரவில்லை. தூரத்தில் ஓர் உடைமரத்து நிழலில் நின்றுகொண்டாள். பெண்ணைக் கொடுத்த வீட்டார் பெண் போகிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதாம். அந்த வெயிலில் ஒரு சொட்டுக்கூட வாங்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லத்துரை தனக்குத் தெரிந்த நாலு இந்திச் சொல்லைச் சேர்த்துக்கொண்டு முந்திவிட்டான். சார்வாளுக்கு வயதாகிவிட்டது, ஞாபக மறதி, அழிக்கச் சொன்னதை மறந்துவிட்டு இல்லை என்று சொல்லிவிட்டார் என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்.

நல்ல வழி. யாருக்கும் சேதமில்லை. ஒரு நொடி அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, மறைக்கவில்லை. அதற்குள் பிந்தேஷ்வர் கேட்டார்: "மறந்துவிட்டீர்களா மாஸ்டர்ஜி?"

"இல்லை" என்றேன். "நன்றாக ஞாபகம் இருந்தது. பொய் சொன்னேன்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "அன்றைக்கு அழிக்கச் சொல்லவில்லை என்றீர்கள். இன்றைக்கு ஆமாம் என்கிறீர்கள். பெண் வீட்டார் உங்களைக் கூட்டி வந்திருக்கிறார்கள். நான் எதை நம்புவது?"

நியாயமான சந்தேகம் எனக்கு எப்போதும் எரிச்சல் தரும்.

"என்னிடம் சொல்லிப் பயனும் இல்லை" என்றார். "தடுத்தது என் வீட்டுக்காரி. அவளிடம் சொல்லுங்கள்." போனில் படம் தெரியும்படி ஊருக்குக் கூப்பிட்டார். திரையில் ஓர் அம்மாளின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"நான்தான் அழிக்கச் சொன்னேன்" என்றேன்.

"கேட்கவில்லை" என்றது நெற்றி.

இன்னும் உரக்கச் சொன்னேன். படம் உறைந்தது. பிந்தேஷ்வர் போனை ஒரு கம்பின் மேல் தூக்கிப் பிடித்தார். மறுபடி சொன்னேன். "யார் அழிக்கச் சொன்னார்?" என்று கேட்டாள். நான் என்றேன். "எங்கே?" என்றாள். இப்படி ஐந்து தடவை. பெர்த்தில் தணிந்த குரலில் ஒரே தடவை சொன்ன பொய்க்கு, ஆறுமுகநேரியில் தொண்டை கிழிய ஐந்து தடவை. சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தட்டோடு எழுந்து பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

ஆறாம் தடவை லைன் தெளிந்தது. முழு முகமும் தெரிந்தது.

"ஏன் அழிக்கச் சொன்னீர்கள்?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. முத்தையாபுரத்தில்கூட நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"பயந்துவிட்டேன்" என்றேன்.

"எதற்கு?"

"மூலையில் இருக்கிறார்களே, ஒற்றைக்கண் பெண்கள். அந்தக் கண்ணுக்கு."

"நைனா ஜோகினுக்கா?"

"ஆமாம்."

"நீங்கள் மாஸ்டர்தானே? என்ன பாடம்?"

"இயற்பியல்."

அது என்ன என்று கேட்டாள். பக்கத்தில் தட்டோடு நின்றவர், "சயின்ஸ், சாச்சி" என்று எனக்காகச் சொன்னார். மறுபடி லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. குடியிருப்பு முழுவதும் சிரித்தது. செல்லத்துரையும் சிரித்தான். இந்திக்காரர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

பிந்தேஷ்வர் மட்டும் சிரிக்கவில்லை. "உண்மைதான்" என்றார் மனைவியிடம். "இப்படி ஒரு காரணத்தை யாரும் ஜோடித்துச் சொல்ல மாட்டார்கள்."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ராம்பரியிடம் போனைக் கொடுங்கள்."

போன் உடைமரத்தடிக்குப் போனது. நானும் பின்னால் போனேன். ராம்பரி போனுக்கும் முக்காடு போட்டுக்கொண்டாள்.

"இரண்டு நாள் மிச்சம் இருக்கிறது" என்றாள் அம்மாள். "மறுபடி எழுதுங்கள். பிள்ளையை அனுப்புகிறேன். இரண்டு பேரும் அந்த இரண்டு நாளை முடிக்கட்டும். பிறகு பெண்ணை அழைத்துக்கொள்கிறோம்." கொஞ்சம் நிறுத்தினாள். "சூரத்திலிருந்து ஏதாவது செய்தி?"

"இல்லை" என்றாள் ராம்பரி.

பிறகு ராம்பரியே சொன்னாள்: "முழுவதும் நான் எழுதித் தருகிறேன். பொட்டை வேறு யாராவது வைக்கட்டும். பிள்ளைகள் நன்றாக இருந்தால் போதும்."

அம்மாள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். படம் உறைந்தது. பிந்தேஷ்வர் எவ்வளவு கூப்பிட்டும் லைன் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ராம்பரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். ஆத்தூர் தாண்டிய பிறகுதான் வாங்கிக் குடித்தாள். நான் சொன்ன உண்மை பெண்ணுக்கு வழி திறந்திருந்தது. இவளுக்கு என்ன ஆயிற்று? நான் பொய் சொல்லாதிருந்தால் சூரத்தைப் பற்றி யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். திறந்த வாயை என்னால் மூட முடியவில்லை.

அதற்கு இரண்டாம் நாள் காலை மாப்பிள்ளை சந்தன் வந்தான். மெலிந்த, வெட்கப்படுகிற பையன். பிங்கி அவனை ஏறிட்டும் பார்க்காமல், "பஸ்ஸு நின்னுச்சா, இல்ல திருச்செந்தூரு போயிட்டு வாராரா?" என்று சுவரிடம் கேட்டாள். அவனுக்குப் பாதி புரிந்தது. பாதிக்கே முகம் சிவந்தது.

அரைத்த பச்சரிசி மாவு ஒரு கிண்ணத்தில். செந்தூரம் ஒரு கிண்ணத்தில். மூங்கில் குச்சியில் பஞ்சு சுற்றிய தூரிகைகள். பொட்டு வைத்த பிறகுதான் கோடு இழுக்க வேண்டும். யார் வைப்பது? அக்கம்பக்கத்தில் அவர்கள் ஊர்ப் பெண் வேறு யாரும் இல்லை.

"மாமா, உம்ம பொண்டாட்டியக் கூப்பிட்டு வைக்கச் சொல்லுவமா?" என்று பிங்கி செல்லத்துரையிடம் கேட்டாள். "நீரு கல்லுக்குண்டு மாதிரி உசுரோட இருக்கீருல்லா."

"அவ கையில குடுத்தா என் நெத்தியில வச்சாலும் வச்சிருவா" என்றான் செல்லத்துரை. ஆனாலும் மனைவியைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துவிட்டான்.

அதற்குள் சந்தனின் போன் அடித்தது. அவன் தாயார். போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தார்கள். இங்கே லைன் தெளிவாகவே இருந்தது. நான் அறைக்குள் இல்லை. ஆண்கள், அதிலும் நான், உள்ளே வரக் கூடாது. வாசலுக்கு வெளியே செருப்புகளுக்கு நடுவில் நின்று எட்டிப் பார்த்தேன்.

"வேறு யாரையும் கூப்பிட வேண்டாம்" என்றாள் அம்மாள். "அன்றைக்கு எந்தக் கை வைத்ததோ அந்தக் கையே வைக்கட்டும். செய்தி வரவில்லை என்றால் வரவில்லை என்றுதான் அர்த்தம். அதற்கு மேல் நான் ஒன்று சேர்த்துவிட்டேன். ராம்பரி, நீயே வை."

ராம்பரி உடனே வைக்கவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சூரத்தில் அந்த மனிதர் இருக்கிறாரா இல்லையா என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. பிறகு முக்காட்டைப் பின்னால் தள்ளினாள். செந்தூரத்தைத் தொட்டு, முதலில் தன் வகிட்டில், நெற்றி விளிம்பிலிருந்து உச்சி வரை ஒரு கோடு இழுத்தாள். போனுக்கு நேராக நின்று, தெரியும்படி இழுத்தாள். அதே விரலைச் சுவரில் வைத்தாள்.

பிங்கி மூக்கை உறிஞ்சினாள். வாசலில் என் பக்கத்தில் நின்ற செல்லத்துரை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அக்குளில் வைத்துக்கொண்டான்.

ராம்பரி தூரிகையை மாவில் தோய்த்துக்கொண்டு, நடு மூங்கிலை விட்டுவிட்டு, முதலில் வாசல் பக்கத்து மூலைக்கு வந்தாள். அங்கே ஒரு முக்காடு, அதன் கீழே ஒரு கண். நான் நின்ற இடத்துக்கு நேர் எதிரே. பெரிதாக எழுதினாள். இந்த முறை நான் நகரவில்லை.

கதவைச் சாத்தப் பிங்கி வந்தாள்.

"தாத்தா, இன்னும் ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் வராதிய" என்றாள்.

சரி என்று சொல்லி, என் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.